ஏகமனதாக

கரண்ட் போன கையோடு வங்கிக்காரர் மூன்றாம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஜெனரேட்டர் அறைக்கு ஓடினார். மேலே அவருடைய அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் காலையில்தான் தீர்ந்தது, மாற்று இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்தார்.

வாசலில் டிராயிங் மாஸ்டர் குறுக்கே நின்றார். தரைத்தளத்தில் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே புகைக்குழாய். போன தடவை ஜெனரேட்டர் ஓடியபோது இழுப்பு வந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்.

புகை வடிகட்டி பொருத்தாத ஜெனரேட்டரைக் குடியிருப்புகளில் ஓட்டக் கூடாது என்று புது உத்தரவு. "சுத்தமான காத்து நம்ம உரிமை" என்று சங்கக் கூட்டத்தில் செகரட்டரி முழங்க, உத்தரவை வரவேற்று எல்லாக் கையும் உயர்ந்தது. வடிகட்டிக்கு வீட்டுக்கு வீடு வசூல் என்றதும் எல்லாக் கையும் மடிக்குத் திரும்பியது. டீ ஆறுவதற்குள், "யார் வந்து பாக்கப் போறா? அவசரத்துக்கு ஓட்டிக்கலாம்" என்ற தீர்மானத்துக்கும் அதே கைகள் உயர்ந்தன. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. முதலாவதற்கு வங்கிக்காரரும் தூக்கினார், இரண்டாவதற்கு மாஸ்டரும் தூக்கினார். நாலு பேர் நடுவில் தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூச்சம். நம் ஊர்ப் பொதுக்கருத்தில் முக்கால்வாசி இந்தக் கூச்சம்தான்.

"வழி விடுங்க சார். எங்கம்மாவுக்கு மூச்சு நிக்குது."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. இத ஓட்டக் கூடாதுன்னு நீங்களும்தான கை தூக்குனீங்க?"

"ஓட்டலாம்னு நீங்க தூக்கலயா?"

மாஸ்டர் ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளினார். வங்கிக்காரரின் பின்மண்டை சுவரில் மோதியது. கவுண்டரில் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷன், நிமிர்ந்து மாஸ்டரின் மூக்கில் குத்தினார். உள்ளே ஏதோ நொறுங்கியது. மாஸ்டர் விழுந்தபடியே அவர் காலைக் கட்டிப்பிடித்து ஆடுசதையைக் கடித்தார். சட்டைகள் கிழிந்தன. தரையில் கிடந்த ஸ்பானர் வங்கிக்காரர் கையில் அகப்பட்டது. தோளில் ஒன்று விழுந்தது, விலாவில் ஒன்று.

"அடிச்சுக்காதீங்க சார்!" என்று பால்கனிகளிலிருந்து குரல்கள் வந்தன. யாரும் இறங்கவில்லை. லிஃப்ட் ஓடவில்லையே.

அப்போது கரண்ட் வந்தது. குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் ஓடிவந்து வங்கிக்காரரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "வந்துடுச்சு சார்! விடுங்க, கரண்ட் வந்துடுச்சு!"

மூன்றாம் மாடியிலிருந்து வங்கிக்காரரின் மனைவி கத்தினாள். "என்னங்க, மெஷின் ஓடுது! அத்தை கண்ணத் தொறந்துட்டாங்க, மேல வாங்க!"

இருவருக்கும் அது நன்றாகவே கேட்டது. மாஸ்டர் வாயிலிருந்த ரத்தத்தை வங்கிக்காரர் முகத்தில் துப்பிவிட்டுக் கழுத்தைப் பிடித்தார். ஸ்பானர் மறுபடியும் இறங்கியது.

தரைத்தள ஜன்னலில் மாஸ்டரின் மகள் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஜெனரேட்டர் ஓடவே இல்லை, புகை துளியும் இல்லை. அவளுடைய தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அப்பா என்று கூப்பிட வாய் திறந்தவளுக்கு விசில் போல ஒரு சத்தம்தான் வந்தது.