வடக்கு வாசலில் இருவர்

காவலன் கேட்ட கேள்வி இதுதான்: உள்ளே போக ஒருவருக்குத்தான் அனுமதி, உங்கள் இருவரில் யாரை வெளியே விடப்போகிறாய்? ஒன்றை அழுத்தினால் பரா வெளியே. இரண்டை அழுத்தினால் ஸக்கி வெளியே. பராசக்தி மூன்றை அழுத்தினாள். திரையில் அதே கேள்வி திரும்பவும் வந்து நின்றது. "போடா" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு கார்ப் பற்றறியின் வயரைக் கழற்றினாள்.

உரும்பிராய்க்கு மின்சாரம் நின்று மூன்று வருடமாகிவிட்டது. ஊர் முழுவதும் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துக்கொண்டிருக்க, கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி சனி ஞாயிறுகளில் கொம்பியூட்டரில் பூதம் வெட்டிக்கொண்டிருந்தால் நாலுபேர் நாலுவிதமாகக் கதைக்கத்தானே செய்வார்கள்? கதைத்தார்கள். கலியாணம் பேசி வந்த பகுதி ஒன்று அந்த யந்திரத்தைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்ததோடு சரி, பிறகு ஒரு மறுமொழியும் இல்லை. பராசக்திக்கு அதில் துளி கவலை கிடையாது.

பெற்றோல் இல்லாமல் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே நித்திரை கொண்ட பழைய ஏ-போட்டிக் காரிலிருந்து பற்றறியைக் கழற்றியவள் அவள்தான். அண்ணன் சண்முகநாதன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது, பம்பு எஞ்சினோடு காரின் டைனமோவைப் பட்டி போட்டுக் கட்டி அதை ஏற்றிக்கொள்வாள். மண்ணெண்ணெய் விற்ற விலையில் கிழமைக்கு ஒருநாள்தான் இறைப்பு. வெங்காயம் குடிக்கும்போது பற்றறியும் குடித்தது. ஒருதரம் ஏற்றினால் மூன்று மணித்தியாலம் ஓடும், அதற்குப் பிறகு சின்ன ரீவியின் படம் நாலு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கும். யந்திரத்தையும் ரீவியையும் பற்றறிக்கு மாற்றித் தந்தவர் நெல்லியடியில் றேடியோ திருத்துகிற ஒருவர். அவர் இது என்ன ஏது என்று ஒன்றுமே கேட்கவில்லை, நல்ல மனிதர்.

யந்திரம் அவளுடையதல்ல, ஸக்கியாவுடையது. குவைத்தில் வேலை செய்த தமையன் நஸ்ருதீன் அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வகுப்பொன்றில் ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து புரோகிராம் எழுதப் பழகிய இரண்டு பேரும், வகுப்பு முடிந்ததும் ஸக்கியா வீட்டுக்கு ஓடுவார்கள். கசெற்றைப் போட்டுப் பத்து நிமிடம் அதன் கீச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தால் விளையாட்டு ஏறும். பரா வாள் பிடிப்பாள், ஸக்கி தீ மந்திரம் சொல்வாள். இரண்டு வருடம் அடிபட்டு, கடைசிப் பூதத்தையும் விழுத்தி, தொண்ணூறாம் ஆண்டு புரட்டாதியில் அந்த இரண்டு வீராங்கனைகளையும் வேறொரு கசெற்றில் பத்திரமாகப் பதிந்து வைத்தார்கள். அந்தக் கசெற்றையும் யந்திரத்தையும் இரண்டு கிழமைக்கென்று பராசக்தி இரவல் வாங்கி வந்தாள்.

அந்த இரண்டு கிழமை முடியவில்லை. ஐப்பசியில் இயக்கத்துப் பெடியள் ஒலிபெருக்கி கட்டி வந்து, நகரத்து முஸ்லிம் சனம் முழுவதும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். அடுத்தநாள் பராசக்தி சைக்கிளில் போனபோது வீடு திறந்து கிடந்தது. கிணற்றடிக் கொடியில் ஸக்கியாவின் சட்டைகள் காய்ந்திருந்தன. எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வழியில் கண்டவர்கள் மழையைப் பற்றிக் கதைத்தார்கள், அவளும் மழையைப் பற்றித்தான் கதைத்தாள். அது அவளுக்கு மூன்று வருடமாகச் செமிக்கவில்லை. தன்னை நினைத்தால் தனக்கே வெட்கமாக இருந்தது.

இப்படியிருக்கையில்தான் பக்கத்து வீட்டுக் கனகசபாபதி மாஸ்ரர் பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போய்க் கிளாலிக் கடல்வழியால் திரும்பி வந்தார். சட்டைப்பையில் ஒரு கசெற்றும் கடிதமும் இருந்தன. வவுனியாவில் சோதித்த ஆமிக்காரன் கசெற்றைப் போட்டுக் கேட்டானாம். கீச்சென்ற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, பழுதாய்ப்போன பாட்டுக் கசெற் என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இரண்டும் புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஸக்கியா அனுப்பியவை. விளையாட்டின் கதையை நீட்டி இரண்டாம் பாகம் விட்டிருக்கிறார்கள், நஸ்ருதீன் நானா தேடி அனுப்பினார், பழைய வீராங்கனைகள் இருந்தால்தான் இது தொடங்கும், அவர்கள் உன்னிடம் அல்லவா இருக்கிறார்கள் என்று ஸக்கியா எழுதியிருந்தாள். முகாம் கொட்டிலில் யந்திரம் ஏது? நீ விளையாடி, எங்கள் இரண்டு பேருக்கும் என்ன நடந்ததென்று எழுது என்று கேட்டிருந்தாள்.

புதுக் கதை நன்றாகத்தான் போனது. உப்புப் பாலைவனம், பேசுகிற கழுதை, ஒரு குருட்டு ராசா. எட்டுக் கிழமையில் வடக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் இந்தக் காவலன்.

பராசக்தி அவனுக்குப் பொன் கொடுத்தாள், எடுக்கவில்லை. கழுதையைக் கொடுத்தாள், எடுக்கவில்லை. வாளால் வெட்டப்போய் மூன்றுதரம் செத்தாள். பின்னேரம் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்த சண்முகநாதன், இரண்டை அழுத்திவிட்டுப் போவதற்கு இவ்வளவு பாடா என்று கேட்டார். விளையாட்டுத்தானே என்றும் சொன்னார். அன்று பராசக்தி அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, சோற்றுக் கோப்பையை வைத்த விதத்திலேயே அவருக்கு விளங்கியது.

கசெற்றின் கீச்சல் வேலியோடு நிற்குமா? யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பொறுப்பாளர் என்று சொன்னவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், மரியாதையாகத்தான் கதைத்தான். தொலைத்தொடர்புச் சாமான் என்று தகவல் வந்ததாம். பார்த்தான், அது இல்லையென்று அவனுக்கே தெரிந்தது. பிறகு, இது யாருடையது என்று கேட்டான்.

சண்முகநாதன் முந்திக்கொண்டு எங்களுடையது என்று சொல்ல வாயெடுத்தார். அவர் முடிக்கும் முன்னர் பராசக்தி சொன்னாள்.

"ஸக்கியான்ரை. நான் இரவல் வாங்கினனான்."

போன ஆக்கள் விட்டுப்போன சாமான் எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்பது அறிவித்தல், திங்கட்கிழமை வந்து எடுப்போம், ஆயத்தமாக வைத்திருங்கள் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் சண்முகநாதன் படலையைச் சாத்தினார். எங்கடை என்றால் விட்டிருப்பான், உனக்கேன் இந்தத் தேவையில்லாத வாய் என்று ஏசினார். அவள் சொன்னாள், "அண்டைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தனாங்கள் அண்ணை. இனி என்னாலை ஏலாது."

ஒளித்து வைக்கவும் வழியில்லை. இல்லையென்றால் அண்ணனைத்தான் விசாரணைக்குக் கூட்டிப்போவார்கள். யந்திரம் போகத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னர் அந்த வாசலை இரண்டு பேரும் சேர்ந்து தாண்ட வேண்டும். அதிலிருந்து அவள் இம்மியும் அசையவில்லை. கையிலிருந்தது சனிக்கிழமை இறைப்பில் ஏறுகிற பற்றறி ஒன்று, மூன்று மணித்தியாலம்.

ஞாயிறு காலை வயரைக் கொழுவி, வாசல்வரை போய், காவலனுடைய கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு யார் இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது? ஒரு மனிதன்தானே எங்கேயோ இருந்து தட்டச்சு செய்திருப்பான். அப்போதுதான் அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. ஆறு மாதம் வகுப்பில் என்ன கிழித்தாள்? இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி விளையாட்டை நிறுத்தினாள். பூதமும் பாலைவனமும் மறைந்து, உள்ளே இருந்த கட்டளைகள் இலக்கமிட்ட வரிகளாக ஓடத் தொடங்கின. இரண்டு மணித்தியாலம் கண்வெட்டாமல் தேடினாள். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பதாம் வரியில் காவலன் கேட்கிறான். அடுத்த வரியில் ஒருவருடைய பெயர் அழிகிறது. இரண்டே இரண்டு வரி. இதற்குத்தானா இவ்வளவு நாள் கெஞ்சியது என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டையும் அழித்தாள். "வாருங்கள், இருவரும் வாருங்கள்" என்று காவலன் சொல்லும்படி எழுதினாள். ஓடவிட்டாள். வாசலுக்கு அப்பால் மூன்றடி வைத்ததும் விளையாட்டு முறிந்து நின்றது, உள்ளே ஒருவருக்குத்தான் இடம் போட்டிருந்தார்கள். அதையும் திருத்தினாள். அதற்குப் பின்னால் இன்னுமோர் இடத்தில் முறிந்தது. படம் சுருங்கத் தொடங்கிவிட்டது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சண்முகநாதன், "உது அளாப்பல் எல்லோ?" என்றார். விளையாட்டில் கள்ளம் செய்கிறாய் என்பதுதான் அவர் சொன்னது.

"ஓம், அளாப்பல்தான். முதலிலை அளாப்பினது நானோ?"

மூன்றாம்தரம் ஓடவிட்டபோது பராவும் ஸக்கியும் வாசலைத் தாண்டி, ஒரு மாமரத் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். திருத்திய விளையாட்டை முழுதாகப் பதிய வேண்டும், பதியக் கசெற் இல்லை. பழைய வீராங்கனைகளை அழிக்க மனமில்லை, வந்த கசெற்றின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது, கடைகளில் வெறும் கசெற்றைக் கண்ணால் கண்டு வருடக்கணக்கு. சண்முகநாதன் அறைக்குள் போய், தன் கலியாணத்தன்று பதிந்த நாதஸ்வரக் கசெற்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் மனுசி செத்து நாலு வருடம். அந்தக் கசெற்றை யாரையும் தொடவிடாதவர்.

"முதல் இரண்டு நிமிசத்தை விட்டிட்டு அதுக்குப் பிறகு பதி. ஆமிக்காரன் கேட்டால் மேளம் கேக்கட்டும்," என்றார்.

பராசக்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. படம் தீப்பெட்டியளவுக்கு வந்தபோது பதிவு முடிந்தது.

திங்கட்கிழமை பொறுப்பாளர் சொன்னபடி வந்தான். யந்திரத்தைச் சாக்கில் சுற்றினார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்து, சாமானின் பெயரை எழுதி, உரிமையாளர் என்ற இடத்தில் கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினான். பராசக்தி பேனையை வாங்கவில்லை.

"உதிலை ஆள் இருக்கு தம்பி. பேரை எழுதும்."

"அவையள் இப்ப இஞ்சை இல்லையே அக்கா."

"இல்லாட்டில்? அவள் உயிரோடை இருக்கிறாள். பேரும் விலாசமும் எழுதினால் கையெழுத்து வைப்பன். இல்லாட்டி வைக்கமாட்டன்."

அவன் சண்முகநாதனைப் பார்த்தான், மூத்தவர் சொல்லித் திருத்துவார் என்று நினைத்திருப்பான். சண்முகநாதன் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, தங்கச்சி கேட்டதை எழுதச் சொன்னார். கூட வந்தவன் வெயிலில் நின்று அலுத்து மோட்டார் சைக்கிளை உதைத்தான். பொறுப்பாளர் கொஞ்சநேரம் பேனையை உருட்டினான். பிறகு கோட்டை வெட்டிவிட்டு எழுதினான். பராசக்தி எழுத்துக் கூட்டிச் சொன்னாள்: ஸக்கியா, தகப்பன் யூசுப், யாழ்ப்பாணம், தெருவின் பெயர், வீட்டு இலக்கம். அவன் எழுதி முடித்ததை ஒருதரம் வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தாள்.

கார்த்திகையில் கனகசபாபதி மாஸ்ரர் திரும்பவும் கொழும்புக்கு வெளிக்கிட்டார். நாதஸ்வரக் கசெற்றையும், பற்றுச்சீட்டையும், ஒரு கடிதத்தையும் கொடுத்தாள். பந்தி பந்தியாக எழுத உட்கார்ந்தவள்தான், கடைசியில் இவ்வளவுதான் எழுத வந்தது:

"ஸக்கியா, உன்ரை யந்திரத்தைக் கொண்டு போட்டினம். அதை உன்னட்டைத் திருப்பித் தரவேணும் எண்டதுக்குச் சீட்டு இருக்கு, உன்ரை பேரும் உங்கடை வீட்டு விலாசமும் போட்டது. கவனமா வை. எங்கையாவது ஒரு யந்திரம் கண்டால் இந்தக் கசெற்றைப் போடு. முதல் இரண்டு நிமிசம் அண்ணையின்ரை கலியாணம், பொறுத்துக்கொள். வடக்கு வாசலிலை காவலன் உன்னை ஒண்டும் கேக்கமாட்டான். கேட்டாலும் நிண்டு மறுமொழி சொல்லாதை. நேரை உள்ளுக்கு வா, நான் பக்கத்திலை நிக்கிறன்."