பன்னிரண்டு அடிப் பயிர்

செம்மண்மேட்டுத் தோட்டத்தின் நார்ப்பயிர், அதிகாரி வரும் நாள்களில் மட்டும் பன்னிரண்டு அடி உயரம் நின்றது. ஈப்போவிலிருந்து புறப்பட்ட அரசாங்க வண்டி சிம்பாங் பூலாய் சந்திப்பைக் கடக்கும்போது பயிர் எழத் தொடங்கும். வண்டி பீடோரைத் தாண்டித் தோட்டத்துப் பழைய வாயிலை அடையும்போது ஆள் மறையும் காடாகியிருக்கும். அளவெடுத்துக் கையெழுத்திட்டு அதே வண்டி அதே சந்திப்பைத் திரும்பக் கடந்ததும், எவரும் கத்தி வைக்காமலேயே முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். இது இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கியது. அந்த மாதம் பீடோரில் கொய்யா கிலோ மூன்று வெள்ளிக்கு விற்றது.

தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய காலம் முடிந்து அப்போதே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட நிறுவனம், கல்லும் சரிவுமான இருபத்திரண்டு ஏக்கரை மட்டும் வேண்டாமென்று அரசாங்கத்திடம் விட்டுச் சென்றது. அதன் நடுவே, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயத்தின் பதினொரு வீடுகளில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. மூன்று தலைமுறைகள் உழைத்தும் அந்த மண்ணில் ஒரு சாண்கூட அவர்களுடையதாக இல்லை. இந்நிலையில் இயற்கை நார்த் தொழிலை வளர்ப்பதென்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்காக ஒரு வாரியமும், வாரியத்துக்கு ஒரு சின்னமும், சின்னத்தை வெளியிட ஒரு விழாவும் ஏற்பட்டன. அந்த இருபத்திரண்டு ஏக்கரையும் லயத்தாரிடம் கொடுத்துப் பயிரிடச் சொன்னார்கள். பயிரின் பெயர் கெனாஃப் என்றார்கள். அதன் நாரிலிருந்து கயிறும் சாக்கும் காரின் கதவுப் பலகையும் செய்யலாம் என்றார்கள். மூன்று பருவங்கள் வயல் திருப்திகரமாக இருந்து, தண்டுகளும் ஆலைக்கு வந்து சேர்ந்தால், குடும்பத்துக்கொரு வீட்டுமனைக்குக் கிராண்ட் என்னும் நிலப்பட்டா எழுதித் தரப்படும். தவறினால் நிலம் திரும்பும், லயம் இடிக்கப்படும். இந்த விதியை நல்லம்மாள் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் மூன்றாம் எண் வீட்டுக்கு மருமகளாக வந்து நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீட்டு அடுப்பைத் தவிர வேறோர் அடுப்பில் சோறு வடித்ததில்லை.

பயிருக்கு இந்தப் பழக்கம் வந்த தவறு அவருடைய கணவர் பழனியப்பனுடையது. பயிர் முளைத்தபோது, இது நம் புளிச்சக்கீரைதானே என்று பெண்கள் சிரித்தார்கள். ஆய்ந்து சமைக்கவும் செய்தார்கள். ஆனால் முழங்காலுக்கு மேல் அது வளரவில்லை. முதல் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்ததும், வெள்ளைக்காரத் துரை வரும்போது தம் தந்தை செய்ததையெல்லாம் பழனியப்பன் செய்தார். பாதையைக் கூட்டினார், கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார், அக்காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆள்களை நிறுத்திச் சொன்னதைப் போலவே, வரப்பில் நின்று பயிரிடம் சொன்னார்: “பெரிய தொரை வாராரு. மானத்த வாங்கிறாத. நிமிந்து நில்லு.” நூறு ஆண்டுகள் இந்த ஒரே கட்டளைக்குப் பழகிய மண் அது. கேட்டுக்கொண்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்லம்மாளின் அடுப்பில் வெந்துகொண்டிருந்த கீரை சட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் எழுந்தது. வாசலுக்கு வந்து பார்த்தவர், கூரைக்கு மேல் பயிர் நிற்பதைக் கண்டார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. அதிகாரி ஹரிஷாந், யாழ்ப்பாணத்து வழிவந்த ஈப்போ இளைஞர், அளவுகோலை அவரே சுமந்து வருவார், பொய் எழுதாதவர். “ஐயா, பேரா முழுக்கச் சுத்திட்டேன். இப்படிப் பயிர நான் பாத்ததே இல்ல,” என்றார். அவர் எழுதிய பன்னிரண்டு அடி என்பது உண்மை. பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் சுகுமாரன்தான் மாலையில் சிரித்தார்: “அண்ணே, ஒங்க பயிருக்கு அரசாங்க வேலை கெடச்சிருச்சிலா! ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் நிமிருது.”

அறுவடை நாளில் ஹரிஷாந்தைக் கெஞ்சி மாலைவரை நிற்க வைத்தார்கள். பதினொரு குடும்பங்களும் வெட்டிக் கட்டி, சுகுமாரனின் லாரியில் மலைபோல் ஏற்றினார்கள். லூமுட் சாலையில் இருந்த ஆலைக்கு அவரும் கூடவே வந்தால் போதும். ஆனால் வயலை அளப்பவர் ஆலைக்குள் கால் வைக்கக் கூடாதென்று வாரியத்தின் சுற்றறிக்கை இருந்தது, முறைகேட்டைத் தடுப்பதற்காம். அவருடைய வண்டி ஈப்போவுக்கும் லாரி லூமுட்டுக்கும் போயின. ஆலையில் படுதாவை விலக்கியபோது உள்ளே மூன்று கட்டுக் கீரை கிடந்தது. நிறுப்பவர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, பாசாருக்குப் போறத இங்க கொண்டாந்துட்டீங்க?” என்று கேட்டார்.

மூன்று பருவங்களும் இப்படியே கழிந்தன. பயிரிடம் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார் பழனியப்பன்: “இன்னிக்கி யாரும் வரல. நமக்காக வளரேன்.” வளரவில்லை; தன் பொருட்டு நிமிர்வதற்கு அந்த மண்ணை எவரும் பழக்கியிருக்கவில்லை. கண்டதைக் கண்டபடியே ஹரிஷாந் அறிக்கையாக எழுதினார்: பயிர் அதிகாரிகளாகிய நமக்காக மட்டுமே நிற்கிறது. அப்படி ஒரு செய்தியை நிரப்புவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையென்று பதில் வந்தது. அடுத்த மாதமே அவர் லூமுட் படகுத்துறைக்கு மாற்றப்பட்டார். வயலில் பன்னிரண்டு அடி, ஆலையில் ஒன்றுமில்லை என்ற இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த தலைமையகம், செம்மண்மேட்டார் நாரைக் கள்ளமாக விற்றுவிட்டார்கள் என்று தீர்மானித்தது. கிராண்ட் கிடையாது, முப்பது நாள்களில் லயம் இடிக்கப்படும்.

இடிக்க ஏழு வண்டிகளும் இரண்டு மண்வாரி இயந்திரங்களும் வந்தன. ஓர் அதிகாரிக்குப் பன்னிரண்டு அடி நின்ற பயிர், ஏழு வண்டி அதிகாரத்துக்கு முப்பது அடி எழுந்து, பாதையையும் லயத்தையும் கூரைகளையும் மூடியது. காலை ஒன்பது முதல் மாலை நான்குவரை அவர்கள் வீடுகளைத் தேடினார்கள். சேவல் கூவுவது கேட்டது; கருவாடு பொரியும் வாசனை வந்தது; சேவலைப் போட்டு நல்லம்மாள் ஏசுவதும் கேட்டது. வீடு அகப்படவில்லை. மேற்குறித்த நிலத்தில் கட்டடம் ஏதும் இல்லையென்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலை லயத்தில் கோழி அடித்துச் சமைத்தார்கள்.

இல்லாத வீட்டுக்கு மின்சாரம் எதற்கு என்று தோட்டத்து வாயிலிலேயே கம்பியை அறுத்தார்கள். அங்கிருந்த தண்ணீர் மீட்டரையும் கழற்றினார்கள். முகவரி இல்லாததால் அடையாள அட்டையைப் புதுப்பிக்க முடியவில்லை. கடிதங்கள் வருவது நின்றது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குப் போயின. கொரோனா முடிந்தபோது பழனியப்பன் வீடும் சுகுமாரன் வீடும் மட்டுமே மிஞ்சின. விதைக்காமலேயே பயிர் முளைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஜூலையில் ஒரு காலை, பழனியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். நல்லம்மாள் ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் சொன்னார். வழியையும் தெளிவாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் அடுப்பிலிருந்த சட்டியின் மூடி எழுந்தது. ஆம்புலன்சும் அரசாங்க வண்டிதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். வெட்டிய இடத்தில் இரண்டு எழுந்தன. சுகுமாரன் தோள்கொடுத்து முட்டியும் தண்டுகள் வழிவிடவில்லை. நான்கடிக்கு அப்பால் ஆம்புலன்சு ஊழியரின் குரல் கேட்டது.

“அம்மா, எங்க இருக்கீங்க? சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க!”

“இங்கதான்யா! கைய நீட்டுனா எட்டும்யா!”

நீட்டிய கைகள் தண்டுகளைத்தான் தொட்டன. இருபது நிமிடம் அப்படிப் போயிற்று. உள்ளேயிருந்து பழனியப்பன் மெதுவாகக் கூப்பிட்டார்: “நல்லம்மா… அவங்களப் போவச் சொல்லு. போனாத்தான் வழி தெரியும்.”

உதவிக்கு வந்தவர்களைத் துரத்த நல்லம்மாளுக்கு வாய் வரவில்லை. பிறகு வந்தது. “போயிருங்கய்யா! புண்ணியமாப் போவும், போயிருங்க!” என்று கத்தினார். வண்டி போயிற்று. பயிர் தாழ்ந்தது. பாதை வெயிலில் பளிச்சென்று கிடந்தது. சுகுமாரன் லாரியை எடுத்தார். பழனியப்பனின் தலையை நல்லம்மாள் தன் மடியில் வைத்திருந்தார். பெரிய சாலை வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

காரியங்கள் முடிந்தபின் சுகுமாரன் கேட்டார்: “அண்ணி, எல்லாத்தையும் கொளுத்திறலாமா?”

“கொளுத்துனா வீடு தெரியும்லா,” என்றார் நல்லம்மாள்.

செம்மண்மேட்டு வயலின் படத்தை வாரியம் இவ்வாண்டு தன் நாள்காட்டியில் அச்சிட்டிருக்கிறது; நார்த் தொழிலின் வளர்ச்சிக்கு அது சான்றாம். ஆறு மாதத்துக்கொரு முறை யாராவது அளக்க வருகிறார்கள். சட்டியின் மூடி எழும்போது நல்லம்மாள் கொடியில் காயும் துணிகளை எடுத்து வைக்கிறார். ஆட்டை உள்ளே கட்டுகிறார். விளக்கேற்றிக்கொண்டு கட்டிலில் உட்காருகிறார். வெளியே காலடிகள் நடமாடி ஓய்கின்றன. மூடி தானாக இறங்கியதும் எழுந்துபோய்க் கீரைக்கு உப்புப் பார்க்கிறார்.