காலிக் கட்டத்துக்கு ஒரு மஞ்சள் எச்சரிக்கை

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மென்பொருள்காரனுக்கு அன்றைக்கு மட்டும் நாலாவது அழைப்பு.

"சார், உங்க மஞ்சப் பெட்டி உயிர வாங்குது. கட்டம் காலி, கட்டம் காலின்னு ஒரே நச்சரிப்பு. 'சரி'ய அமுக்கி அமுக்கி என் விரலே தேஞ்சு போச்சு" என்றார் அங்கே கணினியில் உட்காரும் பெண்.

கணினித் திரையில் எழும் அந்த எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து எழுதியவன் அவன்தான். தண்ணீரில் ஈயம் கூடத்துக் கருவி அளக்கும் எல்லையைத் தாண்டினால், அது எண் காட்டாது. கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். மென்பொருளோ காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். 'அளவு இல்லை, மறுபடி சோதியுங்கள்' என்று பெட்டி கத்தியது அதற்காகத்தான்.

புகார் காதுக்கு எட்டியதும் மேலாளர் அவனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கருமத்த எடுத்துடுப்பா."

"சார், அது எதுக்குன்னா..."

"எடுன்னா எடு."

மல்லுக்கு நிற்க அவனுக்குத் தெம்பில்லை. ஐந்து நிமிட வேலை, எடுத்துவிட்டான். கூடத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. வெட்கமில்லாமல் அதை மேசைக்கு எதிரே ஒட்டியும் வைத்துக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து, அக்கா மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். அடித்துப் பிடித்து ஓடினான். அவளுடைய நாலு வயது மகள் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாத குழந்தை அது. இப்போது பத்து வார்த்தைகூட மிச்சமில்லை. ரத்தத்தில் ஈயமாம்.

"இனிமே ஏறாம பார்த்துக்கலாம். போனது திரும்புறது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் மருத்துவர்.

"தண்ணிய சோதிச்சுப் பார்த்துத்தானேடா குடுத்தேன்!" அக்கா பைக்குள்ளிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினாள். ஈயம்: பூஜ்யம். அந்தத் தெருவிலேயே சுத்தமான குழாய் அவர்கள் வீட்டுக் குழாய்தானாம். அடியில் அவனுடைய மென்பொருளின் பெயர்.

காலியாக வந்த கட்டம்தான் அந்தப் பூஜ்யம் என்று அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னான்.

"மேலாளர் என்ன சொன்னாலும் சரி, இன்னிக்கே அந்த எச்சரிக்கையத் திரும்பப் போட்டுடறேன்க்கா. காலியா வந்த வீடு எல்லாத்துக்கும் தகவல் சொல்லச் சொல்றேன்."

அக்கா சான்றிதழைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். அவன் குனிந்து, "மாமா சொல்லுடா கண்ணு" என்று குழந்தையின் கையைப் பிடித்தான். குழந்தை திரும்பவே இல்லை.

"போடு. மத்த பிள்ளைங்களாவது பொழைக்கட்டும்" என்றாள் அக்கா. "ஆபத்துன்னு ஒண்ணு எச்சரிச்சா, தொல்லையா இருந்தாலும் நின்னு கேக்கணும்டா. ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்த மிச்சம் பிடிச்சு நீங்கள்லாம் என்னத்தக் கட்டிக்கிட்டீங்க?"