கெட்டிமேளத்துக்கு நிறம் தேடியவர்

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். மேளச் சத்தத்துக்கு நிறம் தேடப்போய் ஒரு கலியாணத்தையே குழப்பிய மனுசனின் கதை சொல்லப்போகிறேன்.

பனி கொட்டுகிற அஜின்கோர்ட் என்ற ஊரில் அகஸ்ரின் என்றொருவர். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுவார். மிச்ச நேரமெல்லாம் கராஜுக்குள் நின்று படம் கீறுவார். கீறுவது முழுக்க இசை. ஆனால் வீணையும் இராது, விரலும் இராது. சதுரமும் வளைவும் நிறமும்தான். “வாத்தியத்தைக் கீறினால் மரம்தானே தெரியும், சத்தம் எங்கை?” என்பார். மனைவி அருள்மலர் எட்டிப்பார்த்து, “இதென்னப்பா ராகம், குசினிக் கர்ட்டின் மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்குப் பிடிபடாமலே நின்றது தவில். தவில்காரர் ஸ்ரீஸ்கந்தராசா இருபது வருசக் கூட்டாளி. அவர் வாசிக்கும் கலியாணத்துக்கெல்லாம் கூடப்போய், மேடையோரம் படம் கீறுகிற கொப்பியோடு குந்திவிடுவார். ஐயருக்கு முதல், சேர்ச்சுக்குப் போகிற இந்த வேதக்காரர் வந்துவிடுகிறார் என்று மண்டபத்தில் பகிடி.

அன்று பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஒரு கலியாணம். ஐயர் கையை உயர்த்தினால் கெட்டிமேளம் கொட்டவேண்டும். கமராக்காரர் ஐயரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவின் கண்ணில் பட்டது உயர்ந்த ஒரு கை. தவில் வெடித்தது. சனம் அரிசியை அள்ளி எறிந்தது. தாலியோ இன்னும் தட்டில் இருந்தபடி, மூன்றாம் வரிசையில் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தது! உயர்ந்த கை அகஸ்ரினுடையது. தவில்காரரின் தோள் எவ்வளவு துள்ளுகிறது என்று பென்சிலை நீட்டி அளந்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் தாய் அழுதுவிட்டார். பிறகு தாலி கட்டி, மறுபடி மேளம் கொட்டி எல்லாம் நடந்தது. வெளியே வந்த ஸ்ரீஸ்கந்தராசா, “இருவது வருசத்தில ஒருக்காலும் பிழைக்கேல்லை. இனி என்ர கண்ணில முழிக்காதேயும்” என்றார்.

ஒரு மாதம் அகஸ்ரினின் போனை அவர் எடுக்கவில்லை. அகஸ்ரினுக்குச் சோறு இறங்கவில்லை. சமாதானம் பேச வேறு வழி தெரியாமல், அந்தப் பிழைத்த மேளத்தையே கீறினார். கடைசியில் அருள்மலர்தான் தன் போனில் கூப்பிட்டு, “அண்ணை, ஒருக்கா வந்து படத்தைப் பார்த்திட்டு ஏசுங்கோ” என்றார்.

பனியை உதறிக்கொண்டு வந்தவர் படத்தின் முன் நின்றார். சிவப்பும் கறுப்பும் முட்டிமோதின.

“என்ர தவில் எங்கை?”

“இல்லை.”

“நான்?”

“நீரும் இல்லை.”

“நடுவில வெள்ளையாக் கிடக்கு. பெயின்ற் முடிஞ்சுபோச்சோ?”

அகஸ்ரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பிழை எண்டு தெரிஞ்சு, ரெண்டு கையையும் அந்தரத்தில பிடிச்சபடி நிண்டீரே, அந்த இடம். அதுக்கு நிறம் சரிவரேல்லை. நான் செய்த வேலை எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது.”

ஸ்ரீஸ்கந்தராசா கிட்டப்போய் அந்த வெள்ளையைப் பார்த்தார்.

“அந்த நேரம் எனக்கு என்ர நெஞ்சு அடிச்சதுதான் கேட்டது,” என்றார் மெதுவாக.

பிறகு மூலையில் கிடந்த பழைய கார் ரயரை இழுத்துப் போட்டு இருந்தார். கையுறையைக் கழற்றி, அந்த நெஞ்சடிப்பைத் தொடையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று பிந்தி, ஒன்று முந்தி, நடுவில் மூச்சு நின்று. அகஸ்ரின் ஒவ்வொரு நிறத்தின் மூடியாகத் திறந்து, எதைத் தொடுவதென்று தெரியாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உங்கள் வீட்டிலும், கோபித்துப் போனவர்கள் பனியை உதறிக்கொண்டு உள்ளே வரட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லாயிருங்கள்.