ஒரே ஆழம்

"நடிக்கச் சொல்லலய்யா. வூட்டுல எப்படி நடக்கிறியோ, அப்படி நட."

"வூட்டுல எப்படி நடக்கிறேனாம்?"

"சாயங்காலம் பாத்ரூமுக்குப் போகச்சொல்லோ, செவுத்தைப் புடிச்சிக்கினு."

சடையப்பன் சிரித்துவிட்டார். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில், மருத்துவக் குழு அறைக்கு வெளியே பெஞ்சில் அவரும் மனைவி சந்திரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததில் ஜன்னலோர இடமும், இறங்கியதும் சூடான இட்லியும் கிடைத்திருந்தன. அவருக்கு இன்று யார் மேலும் குறையில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, நிற்காமல் வந்த மீன் வேன் ஒன்று அவருடைய இடது முழங்காலை நொறுக்கியது. காவல்துறை காயத்துக்கென்று ஒரு பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பென்ஷனுக்கு வரி கிடையாது என்று நிம்மதியாக இருந்தவரை நாவலூர் மகள் வைஷாலிதான் உலுக்கினாள்.

"அந்த விலக்கு பட்டாளத்துக்காரங்களுக்கு நைனா. போலீசுக்கு இல்ல. நாப்பது சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் இருந்தா வரியில ஒரு கழிவு கெடைக்கும். உன் பழைய சர்டிபிகேட் மார்ச்சோட முடிஞ்சிடுச்சு."

"காலு ஒண்ணுதானேம்மா?"

"எந்த யூனிபார்ம்ல ஒடைஞ்சிதுன்னு பாப்பாங்க நைனா."

அதற்கும் அவர் சிரித்தார். ஆனால் இன்று அவருக்குள் ஒரு சங்கடம் இருந்தது. தினமும் விடிகாலையில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் மணலில் நடந்துவிட்டு, நின்று திரும்பிப் பார்ப்பார். முதல் வருஷம் இடது பாதம் பதியவில்லை, வெறும் இழுத்த கோடு. இப்போது இரண்டு தடங்களும் ஒரே ஆழம். அதற்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வைஷாலி வயதுதான் இருப்பாள். முழங்காலை மடக்கிப் பார்த்து, குறித்துக்கொண்டாள்.

"அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க சார்."

வீட்டில் நடப்பதுபோலத்தான் நடக்க நினைத்தார். 'சார்' என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. பரேடு நடை. சுவரருகே குதிகாலைத் தட்டித் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"அடேயப்பா! அருமையா நடக்கிறீங்களே!" என்றாள் டாக்டரம்மா. பேனா தாளுக்கு இறங்கியது.

அவர் முகம் பூரித்துப்போயிற்று. அடுத்த கணமே சந்திரம்மாவைப் பார்த்தார். அவள் திட்டவில்லை. தலையிலும் அடித்துக்கொள்ளவில்லை. ராத்திரிதோறும் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்து மஞ்சளேறிப்போன கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் நெஞ்சைத் தளர்த்தினார். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, எழுதிடாதீங்க. வெளியே மூணு மாடி இருக்குது. ஒரு தபா ஏறி எறங்கிட்டு வரேன். அப்புறமா இன்னொரு வாட்டி நடக்கச் சொல்லிப் பாக்குறீங்களா?"