நனையும் கோட்டு

காரணம் தெரியாமல் காலில் ரத்தம் உறைந்தவர்களின் பக்கத்தில் நின்றால் சின்ன டாக்டரின் வெள்ளைக் கோட்டு நனைந்துவிடும். எல்லோருக்கும் அல்ல, உள்ளே புற்றுநோய் ஒளிந்திருந்தால் மட்டும். கல்லீரலுக்கு நேராக நனைந்தால் கல்லீரலில், மார்புப் பக்கம் நனைந்தால் நுரையீரலில். ஸ்கேன் பின்னால் வந்து ஆமாம் என்று சொல்லும்.

பெரிய டாக்டருக்கு இது பொறுக்கவில்லை. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். வேலை ஒரே வார்டில், குடித்தனம் ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும். வயது, ரத்தசோகை, தட்டணுக்கள், புகைப்பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, ரத்தம் உறைந்தவர்களில் யாருக்குப் புற்று இருக்கலாம் என்று கணிக்கும் முறையைப் பெரியவர் பாதி ஆயுளைக் கொடுத்து உருவாக்கியிருந்தார். யாரைச் சந்தேகிக்கலாம் என்று அது சொல்லும். எங்கே என்று சொல்லாது. நோயாளிகளோ வாசலிலேயே, “கோட்டு நனையற டாக்டர் எங்க இருக்காங்க?” என்று கேட்டார்கள். பெரியவருக்கு வயிறு எரிந்தது. ஒருமுறை சின்னவரின் கோட்டை யாருக்கும் தெரியாமல் மாட்டிக்கொண்டு ஒரு கட்டிலருகே மதியம்வரை நின்றும் பார்த்தார். அக்குள் வியர்த்ததுதான் மிச்சம்.

பிறகு பெரியவரின் கெண்டைக்கால் வீங்கியது. ரத்தம் உறைந்திருந்தது, காரணம் தெரியவில்லை. தன் கணக்கைத் தனக்கே போட்டுப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றது கணக்கு. ஆனாலும் சின்னவர் மாடியேறும் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டார்.

“அவ கோட்டப் பார்த்து என் விதியத் தெரிஞ்சுக்கணுமா? அதுக்குச் செத்தே போறேன்” என்றார் கணவரிடம்.

கணவர் போய்க் கதவைத் திறந்துவிட்டார். வார்டிலிருந்து கோட்டோடு வந்திருந்த சின்னவர் கைப்பையை இடுப்போடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

“பைய எடு.”

“வேணாங்க்கா.”

“எடுடி.”

இடது விலாவுக்குக் கீழே கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சின்னவர் விசும்பி அழுதார். பெரியவருக்கு முதலில் வந்தது பயம் அல்ல.

“என் உடம்புலயும் நீதான் ஜெயிக்கணுமா?” என்றார். அதற்குப் பிறகுதான் அவரும் அழுதார்.

இடது சிறுநீரகத்தில் சிறிய கட்டி. நோய் பரவும் முன்பே சிறுநீரகத்தோடு எடுத்துவிட்டார்கள். பொறாமையை எடுக்க வழியில்லை. வார்டுக்குத் திரும்பிய பெரியவர், தன் கணக்கு சந்தேகப்பட்டாலும் படாவிட்டாலும், ஒவ்வொரு கட்டிலுக்கும் சின்னவரைத் தானே கூட்டிப்போனார். கோட்டு நனைந்ததும் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து ஸ்கேனுக்கு எழுதுவார். அப்போது சின்னவரின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.