வானத்திலிருந்து இறங்கிய கை

அண்ணன் எடுத்த ஒரே படத்தைக் கெடுத்தவள் நான். இருபத்தாறு வருஷமாக இதை மனசில் போட்டுக்கொண்டுதான் தையல் மிஷினை மிதிக்கிறேன்.

அவன் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விண்வெளிப் படம் எடுத்தான். என் புது குக்கரின் மூடிதான் விண்கலம். மழைக்கோட்டுகளை வெட்டி உடுப்பு தைத்துக் கொடுத்தேன், தலைக்கு வடிதட்டு. கடைசிக் காட்சியில் நான் ஸ்டூல்மேல் நின்று, நூலில் கட்டிய மூடியை இறக்க வேண்டும். நூல் சிக்கிக்கொண்டது. அவசரத்தில் கையை நீட்டிவிட்டேன். இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு என் கை வானத்திலிருந்து வந்து, கலத்தைத் தட்டி இறக்கிவிட்டுப் போனது. அத்தோடு ஃபிலிமும் தீர்ந்தது.

படம் ஓடிய அன்று தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அண்ணன் கேமராவை விற்றுவிட்டான். திட்டியிருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன மாதம் ஒரு தியேட்டரில் அந்தப் படத்தை மதியக் காட்சிக்குக் கேட்டார்கள். வீடியோ பிரதி கைக்குக் கை மாறி எங்கெல்லாமோ போயிருக்கிறதாம்.

"வேணாம்ணே, மறுபடியும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ வா."

அரங்கில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் தலையில் வடிதட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேலி பண்ணவே கிளம்பி வந்திருக்கிறார்கள். வசனத்தை எல்லாம் நடிகர்களுக்கு முன்னால் இவர்களே சொன்னார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. நூல் சிக்கியது. அரங்கம் சட்டென்று அடங்கியது. என் கை இறங்கியபோது அத்தனை பேரும் எழுந்து வலது கையை உயர்த்தினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

"எதுக்கும்மா அழற?"

"படம் முழுக்க உதவி கேட்டுக் கத்துறாங்கக்கா. யாருமே வரல. கடைசில இந்தக் கைதான் வருது."

நான் திரையைப் பார்த்தேன். அந்தக் காட்சியை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். சுவர் முழுக்க என் கை, அத்தனை பெரிதாக, அத்தனை மெதுவாக. என்னை அறியாமல் நானும் எழுந்து கையை உயர்த்தினேன்.

அந்தப் பெண் என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படம் பார்த்தவங்க எனக்கு எழுதின எல்லா லெட்டர்லயும் இதையேதான் கேட்டாங்க, யாரோட கைன்னு," என்றான் அண்ணன். "அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."